பிள்ளைக்கு ராத்திரி என்று ஒன்று இன்னும் வரவில்லை, தங்கச்சி

பிறந்து 19 நாளான ஆண் பிள்ளை. பகலெல்லாம் அசையாமல் தூங்குகிறது. ராத்திரி 11 மணிக்குக் கண்ணைத் திறந்தால் விடியற்காலை 4 மணி வரைக்கும் மூடுவதில்லை. தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து (தொழிலாளர் வரிசை வீடு) ஒரு தங்கச்சி இப்படிக் கேட்டிருக்கிறார். வீட்டுக்காரருக்குக் கொழும்பில் கடை வேலை, மாதத்துக்கு ஒருதரம் வருவார். வீட்டில் மாமியும் கொழுந்தனும். "பகல்ல தூங்க வுடாத, ராவைக்குத் தானா தூங்கும்" என்பது மாமியின் யோசனை. பக்கத்துக் காம்பரா (அறை) அக்கா கண்ணூறு கழிக்கச் சொல்கிறாராம். பிள்ளைக்கு ஏதும் குறையா, இதை எப்படி மாற்றுவது, ராத்திரி 10 மணி தாண்டியும் ஓடுகிற டீவியைப் பற்றி மாமியிடம் எப்படிச் சொல்வது என்று மூன்று கேள்வி. மூன்றாவதுதான் கஷ்டமானது, அதைக் கடைசியில் பார்ப்போம்.

நான் குடும்பநல மாதுவாக அட்டன் பக்கத்துத் தோட்டங்களில் 31 வருஷம் லயம் லயமாக ஏறி இறங்கியவள். இந்தக் கேள்வியைக் கேட்காத தாய் குறைவு. முதல் பதில்: பிள்ளைக்குக் குறை ஒன்றும் இல்லை. அது பகலையும் ராத்திரியையும் மாற்றிப் போட்டுக்கொள்ளவில்லை. மாற்றிப் போடுவதற்கு முதலில் அதனிடம் பகலும் ராத்திரியும் இருக்க வேண்டுமே! இன்னும் இல்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்கு 6 கிழமைக்கும் (வாரத்துக்கும்) 12 கிழமைக்கும் நடுவில்தான் அது வரும். அதுவரை நாம் செய்யக்கூடியது, அது வருகிற பாதையை மறிக்காமல் இருப்பது. நம்முடைய லயங்களில் நம்மை அறியாமலே மறித்துக்கொண்டிருக்கிறோம் என்பது என் அபிப்பிராயம்.

வயிற்றுக்குள் இருந்தபோது பிள்ளைக்கு உங்கள் ராத்திரிதான் ராத்திரி. இருட்டினதும் நம் மூளையில் மெலட்டோனின் என்று ஒன்று சுரக்கும். உடம்புக்கு "இப்போது ராத்திரி" என்று சொல்லுவது அதுதான். அது நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்கும் போகும். நீங்கள் சாப்பிடுகிற நேரம், நடக்கிற நேரம், படுக்கிற நேரம் எல்லாமே பிள்ளைக்கு மணி அடித்த மாதிரி. நீங்கள் மலையில் ஏறி இறங்கிக் கொழுந்து எடுக்கும்போது அது உள்ளே தொட்டிலில் ஆடிக்கொண்டு தூங்கியிருக்கும். நீங்கள் ராத்திரி கால் நீட்டிப் படுத்ததும் ஆட்டம் நின்று, "என்னடா இது" என்று எழும்பி உதைத்திருக்கும். ஞாபகம் இருக்கிறதா? இப்போது 11 மணிக்கு முழிக்கிறதும் ஏறக்குறைய அதே பழக்கம்தான்.

தொப்புள்கொடியை வெட்டினதும் அந்த மணிச்சத்தம் நின்று போகிறது. நேரம் காட்டுகிற கடிகாரம் ஒன்று பிள்ளையின் மூளைக்குள்ளேயும் இருக்கிறது. இரண்டு கண்ணிலிருந்தும் போகிற நரம்புகள் சந்திக்கிற இடத்துக்குச் சற்று மேலே, கடுகளவு. கண்ணில் படுகிற வெளிச்சம்தான் அதற்குச் சாவி கொடுக்கும். பிறந்த பிள்ளையிடம் கடிகாரம் இருக்கிறது, ஆனால் நேரம் வைக்கப்படவில்லை, அவ்வளவுதான். சொந்தமாக மெலட்டோனின் ஒழுங்காகச் சுரக்கவே இரண்டு மூன்று மாதம் ஆகும்.

இதை முதன்முதலில் ஒழுங்காகத் தாளில் குறித்துக் காட்டியவர்களில் ஒருவர் அமெரிக்காவில் இருந்த நத்தானியல் கிளைட்மன். தூக்கத்தை ஆராய்வதையே தொழிலாக வைத்திருந்த மனிதர். 1938ல் ஒரு மாணவரோடு கென்டக்கி மாநிலத்து மாமத் குகைக்குள் போய் 32 நாள் இருந்தார். சூரியன் எட்டாத இடத்தில் 28 மணி நேரத்தை ஒரு நாளாக வைத்து வாழ முடியுமா என்று பார்க்கத்தான். இளவயது மாணவருக்குப் பழகிவிட்டது, இவருக்குக் கடைசி வரை பழகவில்லை. பிறகு 1953ல் கைக்குழந்தைகள் தூங்குகிற நேரங்களைக் கிழமைக் கணக்காகக் குறித்து வெளியிட்டார். முதல் கிழமைகளில் தூக்கம் பகலிலும் ராத்திரியிலும் சிதறிக் கிடக்கிறது, மெல்ல மெல்ல ராத்திரிப் பக்கம் ஒதுங்குகிறது. குகைக் கதையை நான் வாசித்தபோது எனக்கு நினைவு வந்தது நம்முடைய லயக் காம்பராக்கள்தான்.

கோபப்படாதீர்கள். ஒரு நாளைச் சொல்கிறேன். ஜூலை மாதம், தென்மேற்குப் பருவ மழை, காலை 11 மணி. முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டின பழைய லயம், வாசல் ஒரு பக்கம் மட்டும். பிள்ளை பார்க்கப் போனேன். குளிர் வரும் என்று கதவு சாத்தியிருந்தது. ஜன்னல் என்று இருந்த ஒரு முழச் சதுரத்தையும் உரச் சாக்கு மடித்து அடைத்திருந்தார்கள். நான் உள்ளே போய்க் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன், காலடியில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. பிள்ளை மூலையில் கட்டிலில் துணிக்கட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. அடுத்த தடவை வேறு வேலையாகப் போய் நேரமாகி, ராத்திரி 8 மணிக்கு அதே வீட்டைத் தாண்டி வந்தேன். காம்பரா வெளிச்சத்தில் பளபளக்கிறது. வெள்ளை எல்.ஈ.டி. பல்ப், டீவி, கொழும்பிலிருந்து வந்த மாமா, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நாலு பேர், கை மாறிக் கை மாறிச் சிரிக்கிற குழந்தை. அந்தப் பிள்ளையின் இடத்தில் நான் இருந்திருந்தால், பகல் என்று எதை நினைத்திருப்பேன்?

உங்கள் வீட்டிலும் கிட்டத்தட்ட இதுவாகத்தான் இருக்கும். வீட்டுக்காரர் கடை பூட்டிவிட்டு ராத்திரி 10 மணிக்கு வீடியோ கோல் எடுக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். போன் வெளிச்சம் பிள்ளையின் முகத்தில், "அப்பா பாரு, அப்பா பாரு" என்று எல்லோரும் கூப்பிட்டு எழுப்புவது. அப்புறம் 11 மணிக்கு அது ஏன் தூங்கவில்லை என்று கேட்டால்? அவரைக் காலையில் கடை திறக்கும் முன்னே எடுக்கச் சொல்லுங்கள். பிள்ளையையும் இஸ்தோப்பு (முன் திண்ணை) வெளிச்சத்தில் தெளிவாகப் பார்க்கலாம்.

சரி, வெளிச்சம் எவ்வளவு வேண்டும்? வெயில் வேண்டும் என்றில்லை. மூடுபனி இறங்கி எதிர் மலை தெரியாத நாளில்கூட, வெளியே நிற்கிற வெளிச்சம் ஆயிரக்கணக்கான லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). காம்பராவுக்குள் பல்ப் போட்டால் நூறைத் தாண்டுவதே கஷ்டம். நம் கண்ணுக்கு இரண்டும் "வெளிச்சம்தான்" என்று தோன்றும், ஏனென்றால் கண் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும். மூளைக்குள் இருக்கிற கடிகாரத்தை அப்படி ஏமாற்ற முடியாது. ஆகவே பிள்ளையை வெயிலில் காட்ட வேண்டாம், குளிர் காற்றில் நிறுத்தவும் வேண்டாம். வாசலுக்கு உள்பக்கம், காற்று நேரே அடிக்காத இடத்தில், சுற்றிப் போர்த்தி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும். தீட்டுக் கழியும் வரை பிள்ளை வாசல் தாண்டக் கூடாது என்று மாமி சொன்னால் சண்டை போடாதீர்கள். வாசலுக்கு இந்தப் பக்கமே போதும்.

நமக்கு ஒரு நல்ல வசதி இருக்கிறது. பூமத்திய ரேகைக்குக் கிட்டே இருப்பதால் வருஷம் முழுக்க 6 மணிக்கு முன்பின் விடிந்து, 6 மணிக்கு முன்பின் இருட்டும். மார்கழியானாலும் ஆடியானாலும் வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குள்தான். குளிர் நாடுகளில் கோடையில் ராத்திரி 10 மணிக்கும் வெளிச்சமாக இருக்குமாம், அங்கே தாய்மார் ஜன்னலுக்குக் கறுப்புத் திரை வாங்கிப் போடுகிறார்கள். நமக்குச் சூரியனே கடிகாரம் வைத்துத் தருகிறது. கதவைத் திறந்து உள்ளே விட வேண்டியதுதான் பாக்கி.

காலையில் பெரட்டுக்கு (வேலைக்குப் பேர் கொடுக்க) ஆட்கள் போகிற சத்தம் கேட்கும்போது நீங்களும் நாளைத் தொடங்கிவிடுங்கள். ராத்திரி எத்தனை தரம் எழும்பியிருந்தாலும் பரவாயில்லை, 6, 6:30க்குக் கதவைத் திற, சாக்கை எடு, வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சு நனைத்து முகம் துடை, உடுப்பு மாற்று, பேசு. பகல் பாலை முடிந்த மட்டும் வாசல் பக்கம் உட்கார்ந்து கொடுங்கள். பகலில் பிள்ளை தூங்கினால் வெளிச்சத்திலேயே தூங்கட்டும். அம்மியும் அரைக்கட்டும், ரேடியோவும் பாடட்டும், தகரத்தில் மழையும் அடிக்கட்டும். "உஷ், பிள்ளை தூங்குது" என்று வீட்டையே அமைதியாக்குவது ராத்திரிக்கு உரியது, அதைப் பகலில் செலவழிக்காதீர்கள்.

மாமி சொன்னதைப் பற்றி: பகலில் தூங்கவிடாமல் வைத்திருப்பது வேண்டாம். இதை நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம், வேலைக்கு வந்த முதல் இரண்டு வருஷம் நானும் அதைத்தான் தாய்மாருக்குச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். என் மூத்தவளிடம் செய்தும் பார்த்தேன். காதைத் தடவி, பாதத்தைச் சுண்டி, மதியம் முழுக்க முழிப்பாக வைத்திருந்தேன். அன்றைக்கு ராத்திரி வீடே தூங்கவில்லை. பிறந்த பிள்ளை முழிப்பாக இருக்கத் தாங்குகிற நேரம் ஒரு மணித்தியாலத்துக்குள். அதைத் தாண்டினால் களைத்துப்போய், தூங்கவும் தெரியாமல் குடிக்கவும் தெரியாமல் கத்தும். 24 மணி நேரத்தில் 14 முதல் 17 மணி நேரம் தூங்குவது இந்த வயதில் சாதாரணம், அதில் பாதி பகலில்தான் போகும்.

ஆனால் மாமியின் பேச்சில் ஒரு பாதி உண்மையும் இருக்கிறது. பகலில் ஒரே தூக்கமாக 3 மணி நேரத்துக்கு மேல் போக விடாதீர்கள், பாலுக்கு எழுப்புங்கள். அந்தப் பாலை அது எப்படியும் கேட்கத்தான் போகிறது. பகலில் கொடுக்காவிட்டால் ராத்திரியில் கேட்கும். ஒரு நாளைக்கு 8 முதல் 12 தரம் குடிக்கிற வயது இது. எழுப்புவது என்றால் உலுக்குவதல்ல. போர்வையை விலக்கி, ஈரத்துணியை மாற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டால் தானே முகத்தைத் திருப்பித் தேடும்.

சாயந்தரம் 6 மணிக்கும் 10 மணிக்கும் நடுவில் வருகிற அழுகையை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது வேறு. இரண்டாவது கிழமை வாக்கில் தொடங்கி, ஆறாவது கிழமையில் உச்சத்துக்குப் போய், மூன்று நாலு மாதத்தில் தானே அடங்கும். அந்த நேரத்தில் பிள்ளை அரைமணிக்கு ஒருதரம் பால் கேட்கும். பால் போதவில்லை என்று பயந்து பால் மா டின் வாங்கி ஓடுகிற வீடுகள் நிறைய. வேண்டாம். கேட்கக் கேட்கக் கொடுங்கள், ராத்திரித் தூக்கத்துக்கு வயிற்றை நிரப்பிக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ராத்திரி. 7 மணி வாக்கில் வெள்ளை பல்ப்பை அணைத்துவிட்டு மஞ்சள் வெளிச்சம் தருகிற சின்ன பல்ப் ஒன்றைப் போடுங்கள். மஞ்சளும் சிவப்பும் கடிகாரத்தை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது, நீலம் கலந்த வெள்ளைதான் "பகல்" என்று சொல்லும். ஒரே காம்பராவில் எல்லோரும் இருக்கிற வீடானால் பிள்ளை படுக்கிற பக்கம் ஒரு சேலையைக் கயிற்றில் தொங்கவிட்டு மறைத்துவிடுங்கள். பிள்ளையின் முகத்துக்கு மேலே அல்ல, பல்ப்புக்கும் பிள்ளைக்கும் நடுவில், பிள்ளைக்கு எட்டாத தூரத்தில். நடு ராத்திரியில் பாலுக்கு எழும்பினால் பெரிய லைட்டைப் போடாதீர்கள், போன் டோர்ச்சையும் அடிக்காதீர்கள். என்னிடம் வந்த ஒரு தாய் சின்ன டோர்ச்சைச் சுவர்ப் பக்கம் திருப்பி ஒரு காலி டின்னுக்குள் வைத்திருப்பார். விளிம்பில் கசிகிற வெளிச்சத்தில் பிள்ளையின் வாய் எங்கே, மார்பு எங்கே என்று தெரியும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. அதுதான் சரியான அளவு.

பேச்சும் அப்படித்தான். பகலில் பாட்டும் கதையும் கொஞ்சலும். ராத்திரியில் தாய் ஊமை. கண்ணோடு கண் பார்த்துச் சிரிக்காதீர்கள், கஷ்டம்தான், ஆனாலும். மலம் போயிருந்தாலோ துணி தொப்பலாக நனைந்திருந்தாலோ மாற்றுங்கள். இல்லாவிட்டால் குடித்ததும் ஏப்பம் எடுத்துப் படுக்கப் போட்டுவிடுங்கள். முழித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தால் படுத்திருக்கட்டும், அழாத பிள்ளையைத் தூக்கிக் கொஞ்ச வேண்டியதில்லை. ராத்திரியில் இங்கே சுவாரசியமான காரியம் ஒன்றும் நடப்பதில்லை என்று அதற்கு மெல்லப் பிடிபடும்.

இன்னொன்றையும் கவனித்துப் பாருங்கள், இது நிறையப் பேருக்குத் தெரியாது. பிறந்த பிள்ளையின் தூக்கத்தில் பாதி ஆட்டமான தூக்கம். அந்த நேரத்தில் முனகும், நெளியும், முகத்தைச் சுளிக்கும், உதடு சப்பும், மூடிய இமைக்குள் கண் உருளும், ஒரு நொடி அழுகிற மாதிரிக்கூட இழுக்கும். மூச்சு கொஞ்சம் வேகமாகப் போய், சில நொடி நின்று, திரும்பப் போகும். பார்க்கிற தாய் "எழும்பிட்டான்" என்று தூக்கிவிடுவார். அப்போதுதான் அது உண்மையிலேயே எழும்பும்! ஒரு சுற்றுத் தூக்கம் 50, 60 நிமிஷம். ஒவ்வொரு சுற்று முடிவிலும் இந்த ஆட்டம் வரும். கையை நெஞ்சில் லேசாக வைத்துக்கொண்டு மனதுக்குள் அறுபது வரை எண்ணுங்கள். பாதித் தடவை அது தானே அடுத்த சுற்றுக்குள் போய்விடும். மீதித் தடவை கை வாய்க்குப் போகும், தலை பக்கவாட்டில் திரும்பித் தேடும். அது பசி, எடுங்கள்.

உங்கள் பாலே பிள்ளைக்கு நேரம் சொல்லிக் கொடுக்கிறது என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். ராத்திரிப் பாலில் மெலட்டோனின் இருக்கும், பகல் பாலில் அது இல்லை என்றே சொல்லலாம். விழிப்புக்கு உதவுகிற கோர்ட்டிசோல் காலைப் பாலில் கூடுதல். உங்கள் ராத்திரியை நீங்கள் இப்போதும் கொஞ்சம் கடன் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். ஆனால் நீங்களே 11 மணி வரை வெள்ளை வெளிச்சத்தில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தால், உங்கள் உடம்பிலேயே மெலட்டோனின் பிந்தித்தான் வரும். 84 நாள் லீவு முடிந்து மலைக்குப் போய், பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்தில்) விடுகிற காலத்தில் பால் எடுத்து வைப்பீர்களானால், காலையில் எடுத்ததைப் பகலுக்கும் ராத்திரி எடுத்ததை ராத்திரிக்கும் கொடுக்கலாம். முடிந்தால் மட்டும், இதற்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

பாலைப் பற்றிப் பேசும்போது தேத்தண்ணியை விட முடியாது, நாம் தேயிலைக்கு நடுவில் பிறந்தவர்கள். தேயிலையில் இருக்கிற கஃபீன் கொஞ்சம் பாலில் வரும். நம் உடம்பு அதில் பாதியை ஐந்து ஆறு மணி நேரத்தில் கழித்துவிடும். பிறந்த பிள்ளையின் ஈரலுக்கு அதே வேலைக்கு மூன்று நாலு நாள் ஆகும். நீங்கள் இன்றைக்குக் குடித்தது தீருமுன் நாளைக்குக் குடித்தது வந்து சேரும். தேத்தண்ணியை நிறுத்தச் சொல்லவில்லை, நிறுத்தினால் நமக்கு உயிரே போய்விடும். காலையில் ஒன்று, மதியத்துக்கு முன் ஒன்று, அதோடு சரி. சாயந்தரம் கொத்தமல்லித் தண்ணி குடியுங்கள். குளிருக்கு நல்லது என்று பிரசவித்த தாய்க்கு ஒரு மூடி பிராண்டி ஊற்றிக் கொடுக்கிற வீடுகளும் இருக்கின்றன. அதுவும் பாலில் வரும், பிள்ளைக்குப் பக்கத்தில் படுக்கிற தாயை அசந்து தூங்கவும் வைக்கும். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பிள்ளையின் வாயில் ஓமத்தண்ணியோ சீனித்தண்ணியோ தேனோ எதுவும் கூடாது. 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும். தேன் ஒரு வயது வரை தொடவே கூடாது, அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி கைக்குழந்தையின் தசைகளை முடக்கிவிடும்.

குளிரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் தூக்கம் என்று பேசினால் நம் பக்கத்தில் அதைச் சொல்லாமல் விட முடியாது. ராத்திரி பிள்ளை குளிரில் எழும்புகிறது என்று நினைத்துக் கம்பளிக்கு மேல் கம்பளி போடுகிறோம். உங்களுக்குப் போதுமான உடுப்பு எவ்வளவோ அதைவிட ஒரு அடுக்கு கூட இருந்தால் போதும். கை கால் சில்லென்றிருப்பதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், கழுத்துக்குப் பின்னால் கை வைத்துப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருந்தால் சரி, வியர்த்திருந்தால் ஒன்றைக் கழற்றுங்கள். மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும். தலையணையும் முகத்துக்கு ஏறுகிற போர்வையும் கூடாது. சேலைத் தொட்டில் பகலில் யாராவது பக்கத்தில் இருக்கும்போது ஆட்டலாம். ராத்திரி முழுக்க அதில் விடாதீர்கள், உடம்பு சுருண்டு தாடை நெஞ்சில் குத்தினால் மூச்சு அடைக்கும். சூட்டுக்காகத் தணல் சட்டியைக் காம்பராவுக்குள் வைத்துக் கதவைச் சாத்துகிற பழக்கம் இருந்தால் இன்றைக்கே நிறுத்துங்கள். கரியிலிருந்து வருகிற விஷவாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. பிள்ளை மட்டுமல்ல, எல்லோருமே எழும்ப மாட்டீர்கள்.

இப்போது உங்கள் முதல் கேள்விக்குத் திரும்புகிறேன். குறை இல்லை என்று சொன்னேன், ஆனால் இரண்டு மூன்று காரியத்தை நீங்கள் பார்த்து எனக்குப் பதிலாக உறுதி செய்துகொள்ள வேண்டும். பிறந்தபோது இருந்த நிறையை 2 கிழமைக்குள் திரும்பப் பிடித்துவிட்டதா என்று பிள்ளையின் பதிவேட்டில் பாருங்கள். ஒரு நாளைக்கு ஆறு துணியாவது சிறுநீரில் நனைகிறதா என்று எண்ணுங்கள். இரண்டும் சரியென்றால் ராத்திரியில் பிள்ளை எழும்பும்போது கொடுத்தால் போதும். நிறை பிடிக்கவில்லை என்றால் இப்போதைக்குப் பகல் ராத்திரிப் பேச்சே வேண்டாம், மூன்று மணிக்கு ஒருதரம் எழுப்பிக் கொடுத்துவிட்டு மிட்வைஃப் மிஸ்ஸிடம் காட்டுங்கள். மாதம் குறைந்து பிறந்த பிள்ளையானால் கிழமைக் கணக்கைப் பிறந்த நாளிலிருந்து எண்ணாதீர்கள், பிரசவத்துக்குக் குறித்துக் கொடுத்த திகதியிலிருந்து எண்ணுங்கள்.

எழுப்பினாலும் எழும்பாமல், மார்பைப் பிடித்துச் சப்பத் தெம்பில்லாமல் துவண்டு கிடந்தால் அது "நல்ல பிள்ளை, தூங்குகிறது" அல்ல. மஞ்சள் நிறம் வயிற்றுக்குக் கீழே இறங்கி உள்ளங்கை உள்ளங்கால் வரை வந்திருந்தாலும், உடம்பு 38 பாகை செல்சியஸுக்கு மேல் சுட்டாலும், அல்லது சில்லிட்டுப்போய்ச் சூடு ஏறாவிட்டாலும், மூச்சுக்கு விலா எலும்பு உள்ளே குழிந்தாலும் விடியும் வரை காத்திருக்க வேண்டாம். 1990க்கு அடித்தால் அம்பியூலன்ஸ் வரும், காசு இல்லை. மஞ்சளுக்குக் காலை வெயிலில் காட்டினால் போதும் என்று சொல்லுவார்கள். ஆஸ்பத்திரியில் நீல வெளிச்சத்தில் வைக்கிறது வேறு, வாசல் வெயில் வேறு. அதை நம்பி நாளைக் கடத்தாதீர்கள்.

உங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ராத்திரி 4 மணி வரை முழிக்கிற தாய் பகலில் துணி துவைத்துச் சமைத்துக்கொண்டு நின்றால் எத்தனை நாளுக்குத் தாங்கும்? காலையில் வெளிச்சம் காட்டிப் பால் கொடுத்ததும் பிள்ளை தூங்கும், அப்போது நீங்களும் படுங்கள். வீடு குப்பையாகத்தான் இருக்கும், இருக்கட்டும். ஆனால் பிள்ளை தூங்கியும் உங்களுக்குத் தூக்கம் வரவில்லை, எதிலும் பிடிப்பில்லை, பிள்ளையையோ உங்களையோ ஏதாவது செய்துவிடுவோமோ என்று பயம் வருகிறது என்றால் அது சோம்பலுமல்ல, பேயுமல்ல. பிரசவத்துக்குப் பிறகு வருகிற, மருந்தால் மாறுகிற நோய். கிளினிக்கில் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மனநல உதவிக்கான 1926க்கு எடுத்துப் பேசுங்கள்.

எத்தனை நாளில் மாறும்? நான் பார்த்த வரை, வெளிச்சத்தையும் இருட்டையும் ஒழுங்காக்கின வீடுகளில் இரண்டு மூன்று கிழமையில் ஒரு வித்தியாசம் தெரியும். ராத்திரியில் எழும்பும், ஆனால் குடித்துவிட்டுத் திரும்பத் தூங்கும். அந்த ஐந்து மணி நேரக் கச்சேரிதான் முதலில் நிற்கும். மூன்று மாதத்தில் ராத்திரி ஒரே மூச்சில் நாலைந்து மணி நேரம் தூங்குகிற பிள்ளைகள் நிறைய, தூங்காத பிள்ளைகளும் இருக்கின்றன. ராத்திரிப் பாலே வேண்டாம் என்கிற நாள் அதற்கும் அப்பால், அதை இப்போது எதிர்பார்க்காதீர்கள்.

மூன்றாவது கேள்வி, மாமியும் டீவியும். "டீவியை நிப்பாட்டுங்க" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பகல் முழுக்க மலையில் நின்று வந்தவருக்கு இருக்கிற ஒரே சந்தோஷத்தை நேற்று வந்த மருமகள் பிடுங்குகிற மாதிரி ஆகிவிடும். நான் ஒரு வீட்டில் வேறு மாதிரிச் செய்தேன். மாமியாரைக் கூப்பிட்டு, "பிள்ளைக்குக் காலை வெளிச்சம் காட்டணும், இவளுக்கு ராத்திரி முழிப்பு, முடியாது. காலையில ஆறு மணிக்கு நீங்கதான் பிள்ளையை வாங்கி வாசல்ல வச்சுப் பார்க்கணும், உங்க கைக்குத்தான் பிள்ளை அடங்குது" என்று சொன்னேன். பொய் இல்லை, உண்மையிலேயே அடங்கும். பெரட்டுக்குப் போகுமுன் அரைமணி நேரம் பேரனோடு இஸ்தோப்பில் உட்கார வேண்டும் என்றால் அவர் 5 மணிக்கு எழும்ப வேண்டும். 5 மணிக்கு எழும்புகிறவர் எத்தனை நாளைக்கு 10 மணி வரை நாடகம் பார்ப்பார்? நாலாம் நாள் நான் போனபோது டீவி இடம் மாறிக் குசினிப் பக்கத்துச் சுவரில் இருந்தது, சத்தம் குறைத்து. மாற்றினது யார் என்று நான் கேட்கவில்லை.